பின்பக்கத்து இரண்டு சென்ட்: அண்ணன் கொடுப்பதா, உங்கள் பங்கா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக: பாலக்காடு நகரத்துக்குள் ஒரு பழைய நெசவுத் தெருவில் அப்பா சொந்த உழைப்பில் வாங்கிய 7 சென்ட் இடம். அகலம் 30 அடி, நீளம் 100 அடிக்குக் கொஞ்சம் மேல். தெருவைப் பார்த்து ஓட்டு வீடு, அதில் அண்ணன் குடும்பம். அதை ஒட்டி எடுத்த இரண்டு அறைகளில் தம்பியும் 72 வயது அம்மாவும். அப்பா ஆறு வருஷத்துக்கு முன் உயில் எழுதாமல் காலமானார். வாசகிக்கு 41 வயது. கணவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார், இரண்டு பிள்ளைகள், மாதம் 7,500 ரூபாய் வாடகை. "பின்னால் கிணற்றடியில் 2 சென்ட் எடுத்துக்கொள், மேற்குப் பக்கம் மூன்றடிச் சந்தில் வந்து போ, 200 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளலாம்" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். மூன்று சென்டுக்குக் கீழே பெர்மிட் எதுவும் வேண்டாம் என்கிறார் கான்ட்ராக்டர். கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரம்மா, தன் சமையலறை ஜன்னலை மறைத்தால் கோர்ட்டுக்குப் போவேன் என்கிறார். மாமனார், இந்த வம்பே வேண்டாம், ஊருக்கு வெளியே 5 சென்ட் சல்லிசாக வருகிறது, அதை வாங்குவோம் என்கிறார். "இவ்வளவு சின்ன இடத்தில் வீடு கட்டலாமா? அண்ணன் மனசு வைத்துக் கொடுப்பதை நான் கேள்வி கேட்கலாமா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். "அண்ணன் கொடுக்கிறார்" என்று ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். வீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த ஒரு வார்த்தையைச் சரிசெய்துகொள்வோம். ஏனென்றால் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறவர் சந்து எத்தனை அடி என்று கேட்க மாட்டார். பங்குக்காரர் கேட்பார். உங்கள் இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்து, உயில் இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. மகன், மகள் என்ற வித்தியாசம் இல்லை. அம்மா, அண்ணன், நீங்கள், தம்பி என நான்கு பேர். ஆளுக்கு ஒன்றே முக்கால் சென்ட். கல்யாணத்தில் 18 பவுன் போட்டார்கள், அதனால் எனக்குப் பங்கு கேட்க வாய் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போட்ட நகை பங்கை அழிக்காது. நீங்கள் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்திருந்தால்தான் பங்கு போகும். அப்படி எதுவும் எழுதவில்லை என்பது கடிதத்திலிருந்தே தெரிகிறது.

அதே நேரம் நீங்கள் நினைப்பதுபோல மூன்று பங்கும் அல்ல. அம்மாவுக்குத் தனிப் பங்கு உண்டு. அவருடைய ஒன்றே முக்கால் சென்டைத் தம்பிக்குக் கொடுக்க அவர் விரும்பினால் அது அவர் உரிமை. அதைப் பத்திரத்தில் அம்மாவே சொல்ல வேண்டும். அண்ணன் சொல்கிற கணக்கில் அவருக்கு 2, தம்பிக்கு 3, உங்களுக்கு 2 என்று வருகிறது. கணக்குப்படி உங்களுக்குக் கால் சென்ட் கூடுதல்தான். ஆனால் உங்களுடையது தெரு முகப்பு இல்லாத பின்பக்கம். முகப்பு இல்லாத இடத்தின் விலையும் முகப்புள்ள இடத்தின் விலையும் ஒன்றல்ல என்பது உங்கள் தெருவில் யாருக்கும் தெரியும். ஆகவே அந்தக் கால் சென்டை உபகாரமாக எண்ணிக் கூச்சப்பட வேண்டாம். அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. உங்களையும் கூப்பிட்டு இடம் காட்டியிருக்கிறார், பல வீடுகளில் அதுகூட நடப்பதில்லை. அந்த நல்ல மனசு இருக்கும்போதே எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டுவந்துவிட வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

முத்திரைத்தாள் போதாது

வாய்ப்பேச்சாகப் பாகம் பிரிப்பதை நம் சட்டம் முழுவதும் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் பிரிவினையை எழுத்தில் செய்தால், அந்த எழுத்தை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சப்ரிஜிஸ்டிரார் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாத தாளை வைத்துக்கொண்டு "இந்த 2 சென்ட் எனக்கு" என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. நீங்கள் 200 ரூபாய்த் தாளில் கையெழுத்து வாங்கி, அதன்மேல் 20 லட்சம் ரூபாய்க்கு வீடு எழுப்பினால், காகிதக் கணக்கில் அது நான்கு பேருக்கும் பொதுவான நிலத்தில் நிற்கிற வீடு. நாளைக்கு அண்ணன் பிள்ளைகள் வேறு மாதிரி பேசினால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

பாகப் பத்திரம் பதியுங்கள். குடும்பத்துக்குள் பிரித்துக்கொள்வதற்கு முத்திரைக் கட்டணம் கிரயப் பத்திரத்தைவிட மிகக் குறைவு, அந்தப் பயம் வேண்டாம். பதிந்த பிறகு வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு (பட்டா மாற்றம்) செய்து, உங்கள் பெயரில் தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு எண்) வாங்கி, கரம் (நிலவரி) கட்டி ரசீது வையுங்கள். பாங்க் லோன் கேட்கும்போது ஆதாரம் (பத்திரம்), முன்னாதாரம் (அதற்கு முந்தைய பத்திரம்), குடிக்கடன் (வில்லங்கச்) சர்டிபிகேட், கரம் கட்டிய ரசீது, கைவச (அனுபவ) சர்டிபிகேட், பெர்மிட், பிளான் என்று வரிசையாகக் கேட்பார்கள். முதல் காகிதம் இல்லையென்றால் மற்றது எதுவும் வராது. நீங்கள் கேட்டிருக்கும், கேரள அரசின் லைஃப் மிஷன் வீட்டுத் திட்ட உதவிக்கும் இதே கதைதான். வீடு கட்ட அந்தத் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் தருகிறார்கள். சொந்த இடம் இருக்கிறது, வீடு இல்லை என்ற பிரிவில் வருவதற்கு இடம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். தகுதிப் பட்டியல் எந்த நிலையில் இருக்கிறது என்று வார்டு கவுன்சிலரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

இன்னொன்று. ஆதாரம் மலையாளத்தில் இருக்கும், எனக்குப் பேச வரும், படிக்க வராது என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இது சாதாரணம். எழுதுகிறவரிடம் வரி வரியாக வாசித்து, தமிழில் அர்த்தம் சொல்லச் சொல்லுங்கள். குறிப்பாக நான்கு எல்லை, அளவு, வழி, கிணறு ஆகிய பகுதிகளை. கணவரோ பிள்ளைகளோ பக்கத்தில் இருக்கட்டும். பையன் பிளஸ் டூ படிக்கிறான் என்கிறீர்கள், இங்கே படித்த பிள்ளைக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. அவனையே வாசிக்க வையுங்கள்.

பெர்மிட் வேண்டும்

கான்ட்ராக்டர் சொன்னது பாதி உண்மையிலிருந்து கிளம்பிய பொய். கேரள முனிசிபாலிட்டி கட்டிட விதிகளில் 125 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைகளுக்கு என்று தனி ஏற்பாடு இருக்கிறது. மூன்று சென்ட் என்பது 121 சதுர மீட்டர் சொச்சம், அதனால்தான் "மூன்று சென்ட்" என்று வாய்வழக்கில் வந்தது. உங்கள் 2 சென்ட் 81 சதுர மீட்டர், அந்த ஏற்பாட்டுக்குள் வரும். ஆனால் அது தரும் சலுகை, நான்கு பக்கமும் விட வேண்டிய இடம் போன்றவற்றில்தான். பெர்மிட்டே வேண்டாம் என்று அது சொல்லவில்லை. பெர்மிட் இல்லாமல் கட்டினால் முனிசிபாலிட்டி நோட்டீஸ் கொடுக்கலாம், இடிக்கச் சொல்லலாம். இடிக்காமல் விட்டாலும் யு.ஏ. நம்பர், அதாவது அனுமதியில்லாத கட்டிடத்துக்கான நம்பர், என்று ஒன்றைப் போட்டுக் கூடுதல் வரி வாங்குவார்கள். அந்த நம்பரை வைத்து லோனும் வாங்க முடியாது, நல்ல விலைக்கு விற்கவும் முடியாது.

பொள்ளாச்சியில் உங்கள் சித்தி மகன் ஆன்லைனில் ஒரே நாளில் அனுமதி வாங்கினார் என்றீர்கள். அது தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம். 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டிடம் என்று அதற்குத் தனி வரம்பு. எல்லையில் இருக்கிற வாளையாற்றைத் தாண்டிக் கேரளத்துக்குள் வந்தால் அந்தச் சட்டம் செல்லாது. யூடியூபில் தமிழில் வருகிற வீடு கட்டும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கத்துச் சட்டத்தைச் சொல்கின்றன. மொழி ஒன்று என்பதால் சட்டமும் ஒன்று என்று நம் ஆட்கள் ஏமாந்துவிடுகிறார்கள். கேரளத்திலும் 300 சதுர மீட்டருக்குக் கீழான வீடுகளுக்குச் சுயசாட்சியம் உண்டு, கே-ஸ்மார்ட் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்கு லைசென்ஸ் உள்ள எஞ்சினியர் அல்லது சூப்பர்வைசர் பிளான் போட்டு, விதிப்படி இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். அவர் தப்பாகக் கையெழுத்துப் போட்டால் வீடு உங்களுடையது, சிக்கலும் உங்களுடையதாகிவிடும். ஆகவே கான்ட்ராக்டர் கூட்டி வருகிற ஆளைவிட, நீங்களே விசாரித்துத் தேடுகிற ஆள் நல்லது.

மூன்றடிச் சந்து

என்னைக் கேட்டால் உங்கள் விஷயத்தில் மிக முக்கியமான அளவு, வீட்டின் சதுர அடி கிடையாது. இந்தச் சந்தின் அகலம்தான். தெருவிலிருந்து உங்கள் பங்கு வரை ஏறக்குறைய 72 அடி தூரம் வரும். மூன்றடி அகலம் என்றால் சந்து மட்டும் 216 சதுர அடி, அரை சென்ட். அந்த அரை சென்ட் யார் கணக்கில்? உங்கள் 2 சென்டுக்குள் சேர்த்து அளந்தால் வீட்டுக்கு மிஞ்சுவது ஒன்றரை சென்ட்தான். இதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. முதலில் இதைக் கேளுங்கள்.

அகலத்துக்கு வருவோம். மூன்றடியில் ஒரு ஆள் நடக்கலாம், பைக்கைத் தள்ளிக்கொண்டு வரலாம். ஆனால் பீரோ, கட்டில், அம்மாவைப் படுக்க வைத்துத் தூக்கும் ஸ்ட்ரெச்சர், சந்து முனையில் திரும்ப வேண்டும். மரணம் நேர்ந்தால் பாடையும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் குடும்பத்தில் பெரியம்மாவை அப்படி ஒரு சந்திலிருந்து செங்குத்தாகச் சாய்த்து எடுத்து வந்தோம். முப்பது வருஷம் ஆகியும் அந்தக் காட்சி என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால் சொல்கிறேன், ஐந்தடி கேளுங்கள். நாலரையாவது வாங்குங்கள்.

உரிமையை எப்படி எழுதுவது என்பதில் இரண்டு வழி இருக்கிறது. சந்தை மூன்று பேருக்கும் பொதுச் சொத்தாக விடலாம். யாரும் தனியாக அதில் படி கட்டவோ, ஷீட் இறக்கவோ முடியாது. அல்லது நிலம் அண்ணன், தம்பி பெயரில் இருந்து, உங்களுக்கு நடைவழி உரிமை மட்டும் இருக்கலாம். நான் முதல் வழியைத்தான் சொல்வேன். இரண்டாவதுதான் கிடைக்கும் என்றால் நீளம், அகலம், எந்த எல்லையை ஒட்டி என்பதைப் பத்திரத்தில் எழுதி, வரைபடமும் சேர்த்துப் பதியுங்கள். நடக்க மட்டும் என்று எழுதிவிடாதீர்கள். தண்ணீர்க் குழாய், கரண்ட் கேபிள், கழிவுநீர்க் குழாய் கொண்டுபோகவும், வீடு கட்டும்போது சாமான் கொண்டுவரவும் உரிமை என்று சேர்க்க வேண்டும்.

எழுதாவிட்டாலும் வழி உண்டு என்று யாராவது சொல்வார்கள். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில், கூட்டுச் சொத்தைப் பிரிக்கும்போது ஒருவர் பங்குக்குப் போக வேறு வழியே இல்லையென்றால் மற்றவர் பங்கு வழியாகப் போக உரிமை உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது அவசியத்தால் வருகிற உரிமை. பின்னால் வேறு வழி கிடைத்துவிட்டால் அது போய்விடும். அகலம் எவ்வளவு என்பதற்கும் சண்டை போட வேண்டியிருக்கும். எழுதி வாங்கிய வழிக்கு அந்த நிலை இல்லை.

அண்ணன் ஒருநாள் ஓட்டு வீட்டை இடித்துக் கட்டலாம் என்பதையும் யோசியுங்கள். தெரு முனிசிபாலிட்டி அறிவித்த ரோடாக இருந்தால் முன்னால் விதிப்படி இடம் விட்டுத்தான் கட்ட முடியும். அப்போது அவருக்கும் இடம் போதாது, கண் சந்தின்மேல் போகும். அது மனித இயல்பு. எழுத்து இருந்தால் பேச்சே வராது.

கிணறும் செப்டிக் டேங்கும்

சின்ன மனையில் வீடு கட்ட இடம் போதாமல் போவதைவிட, செப்டிக் டேங்க் வைக்க இடம் இல்லாமல் பிளான் நின்றுபோவதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். குடிநீர்க் கிணற்றிலிருந்து ஏழரை மீட்டருக்குள் செப்டிக் டேங்கோ கழிவுக் குழியோ வரக்கூடாது. ஏழரை மீட்டர் என்றால் 24 அடி 7 அங்குலம் சொச்சம். உங்கள் பங்கு 30க்கு 29 அடி. கிணறு வடகிழக்கு மூலையில். மாமனார் வாஸ்து பார்த்து வாயு மூலையில், அதாவது வடமேற்கில், டேங்க் வைக்கச் சொல்கிறார். கிணற்றின் நடுவிலிருந்து டேங்கின் நடுவுக்கு டேப் பிடித்தாலே 22 அடிக்குமேல் வராது. அது விதிக்கு ஆகாது. அதைவிட முக்கியம், மூன்று குடும்பம் குடிக்கிற தண்ணீர் அது.

எதிர் மூலையான தென்மேற்கில், சந்து வந்து சேருகிற இடத்தில் வைத்தால் விளிம்புக்கு விளிம்பு சுமார் 25 அடி கிடைக்கும். மேலே ஸ்லாப் போட்டு வாசல் முற்றமாகப் பயன்படுத்தலாம், சுத்தம் செய்ய வருகிற வண்டியின் ஹோஸும் சந்து வழியாக எட்டும். ஆனால் அரை அடி தப்பினாலும் காரியம் கெட்டுவிடும், ஆகவே பிளான் போடுகிற லைசென்ஸி (லைசென்ஸ் உள்ள எஞ்சினியர்) நேரில் வந்து அளக்க வேண்டும். உங்கள் கிணற்றை மட்டும் பார்த்தால் போதாது. அக்கம்பக்கத்து வீடுகளின் கிணறுகளையும் பிளானில் குறிக்கச் சொல்லுங்கள். கிழக்கு வீட்டம்மாவிடம் நல்லபடியாகப் பேச இதுவும் ஒரு காரணம்.

கிணறு உங்கள் பங்குக்குள் வந்தாலும் அண்ணனும் தம்பியும் தண்ணீர் எடுத்துத்தான் ஆக வேண்டும். மோட்டார் எங்கே, குழாய் எந்தப் பக்கம், சுத்தம் செய்கிற செலவு யாருக்கு எவ்வளவு என்று பத்திரத்தில் இரண்டு வரி போடுங்கள். கிணற்றை மூடிவிட்டு ஒரு அறை கூட எடுக்கலாம் என்று கான்ட்ராக்டர் சொன்னாராம். தயவுசெய்து வேண்டாம். பாலக்காட்டு வெயிலில் மார்ச், ஏப்ரலில் குழாய்த் தண்ணீர் எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கிழக்கு வீட்டு ஜன்னல்

அந்த அம்மா வெறுமனே மிரட்டுகிறார் என்று ஒதுக்க வேண்டாம். ஒரு ஜன்னல் வழியாக வெளிச்சமும் காற்றும் தடையில்லாமல் 20 வருஷம் வந்திருந்தால் அதற்குச் சட்டத்தில் உரிமை உண்டாகும். 25 வருஷமாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதே சமயம், வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலே வழக்கில் ஜெயித்துவிட முடியாது. அந்த வீட்டில் வசதியாக வாழ முடியாத அளவுக்கு மறைத்தால்தான் அது கணிசமான பாதிப்பு. உங்கள் முழு இடத்திலும் கட்டக்கூடாது என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

ஒரு நல்ல விஷயம், அந்த ஜன்னல் கிணற்றடிக்கு நேராக இருக்கிறது. கிணற்று மூலை எப்படியும் திறந்துதான் கிடக்கும். அதைக் கொஞ்சம் தெற்கே நீட்டிக் கிழக்குப் பக்கம் வெற்றிடம் விட்டால் அவர் ஜன்னலும் பிழைக்கும், உங்கள் சமையலறைக்கும் காலை வெளிச்சம் வரும். பிளானை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டுங்கள். எல்லையை ஒட்டிச் சுவர் எழுப்ப வேண்டுமானால் பக்கத்து மனைக்காரரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். அந்தச் சுவரில் ஜன்னலும் வைக்க முடியாது. "கட்டிக்கோ தங்கச்சி" என்று மேற்கு வீட்டுக்காரர் வாயால் சொன்னது போதாது.

கிழக்கு வீட்டம்மாவின் வீடு பழைய மண்சாந்துச் சுவர் என்கிறீர்கள். உங்கள் அஸ்திவாரத்துக்குத் தோண்டும்போது அந்தச் சுவர் விரிசல் விட்டால் நஷ்டஈடு உங்கள் தலையில் விழும். வேலை தொடங்குமுன் அவர் சுவரை, அவரையும் வைத்துக்கொண்டே, தேதி தெரிகிறமாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். அந்தப் பக்கத்தை ஒரே மூச்சில் தோண்டாமல் துண்டு துண்டாகத் தோண்டி உடனுக்குடன் கட்டி வரச் சொல்லுங்கள்.

சரி, இவ்வளவு சின்ன இடத்தில் வாழ முடியுமா?

முடியும். நான் பிறந்தது 14 அடி அகல வீட்டில், ஏழு பேர். கல்பாத்தி அக்கிரகாரத்தில் நடந்து பாருங்கள், பக்கத்துச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. அகலம் இல்லாததை நீளத்தில் ஈடுகட்டித் திண்ணை, ரேழி, கூடம், இரண்டாங்கட்டு என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கும். நெசவுத் தெரு வீடுகளும் அப்படித்தான். தறிக்குழி இருந்த அறையிலேயே ராத்திரி பாய் விரிப்பார்கள். அந்த வீடுகளில் இடம் வீணாகாது. உயரத்தில் கண்ணாடி ஓடு இருக்கும், பகலில் விளக்குப் போட மாட்டார்கள். இன்றைக்கு நாம் அதே இடத்தில் வெளியூர்ப் பங்களாவின் பிளானைச் சுருக்கி வைக்கப் பார்க்கிறோம், அதனால்தான் மூச்சு முட்டுகிறது.

1,200 சதுர அடி வீடு எழுப்பலாம் என்று கான்ட்ராக்டர் சொன்னதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்னால் நாலடி, மற்ற மூன்று பக்கம் மூன்றடி விட்டு, கிணற்று மூலையையும் விட்டால் ஒரு தளத்துக்கு 490 சதுர அடிக்குப் பக்கம் வரும். சுவர்களே 80 சதுர அடி சாப்பிடும். மாடிப்படியைச் சாதாரணமாக யாரும் எண்ணுவதில்லை: பத்தடி உயரத்துக்கு ஏழரை அங்குலப் படி பதினாறு வேண்டும், நடுவில் திருப்பம் வைத்தால் 55 சதுர அடி. ஆகக் காலால் நடக்கிற இடம் ஒரு தளத்துக்கு 350 சதுர அடி. லைசென்ஸி அளந்து போடும் பிளானில் இது கொஞ்சம் முன்பின் ஆகும், ஆனால் இரண்டு தளம் சேர்த்தாலும் 1,200 ஆகாது.

350 சதுர அடியில் கீழே ஒரு அறை கட்டாயம் வேண்டும், அது முட்டிவலிக்காரரான அம்மாவுக்கு. அவர் உங்களோடு வந்து இருக்க ஆசைப்படுகிறார் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு ஓரத்தில் எழுத வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை. கீழே அம்மா அறை, சமையலறை, சின்னக் கூடம், குளியலறை; மேலே இரண்டு படுக்கையறை. உள்சுவர்கள் நாலு அங்குலமாக இருக்கட்டும். கதவுகளை முடிந்த இடத்தில் தள்ளுகதவாக வையுங்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு அடி கூட வீணாகக் கூடாது. படிக்கட்டின் உச்சியில் காற்றுப் போக்கி வைத்தால் சூடு மேலே ஏறி வெளியே போகும்.

செலவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. லாரி வாசலுக்கு வராது. மணல், கல், சிமென்ட் எல்லாம் தெருவில் இறங்கி 72 அடி தலைச்சுமையாக வர வேண்டும். அந்தச் சுமட்டுக்கூலி யார் கணக்கில் என்று கான்ட்ராக்டர் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

ஊருக்கு வெளியே 5 சென்ட்

மாமனார் பார்த்து வைத்த இடத்தை நான் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். வண்டி வாசலுக்கு வரும், கணவரின் ஆட்டோவை நிறுத்த இடம் இருக்கும். ஆனால் சல்லிசாக ஏன் வருகிறது என்று ஆதாரத்தை வாங்கிப் பாருங்கள். அதில் "நிலம்" என்று இருந்தால் வயல், "புரயிடம்" என்று இருந்தால் வீட்டுமனை. தமிழ்க் காதுக்கு நிலம் என்றால் பொதுவாக இடம் என்று படும், இங்கே ரெவின்யூ ரெக்கார்டில் அது நெல்வயல். 2008-ஆம் ஆண்டு நெல்வயல், தண்ணீர்த்தடப் பாதுகாப்புச் சட்டத்தின் டேட்டா பேங்க்கில் (வயல்களின் பட்டியலில்) அந்தச் சர்வே நம்பர் இருந்தால், வாங்கிய பிறகு வீடு கட்ட அனுமதி கிடைக்காமல் வருஷக் கணக்கில் அலைவீர்கள். டேட்டா பேங்க்கில் இல்லாத நிலமாக இருந்தால், 10 சென்டுக்குள் 120 சதுர மீட்டர் வரையிலான வீட்டுக்குச் சலுகை உண்டு. கிருஷி பவனிலும் (வேளாண் அலுவலகம்) வில்லேஜ் ஆபீசிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

அங்கே போவதென்றாலும் இங்கே உள்ள உங்கள் பங்கை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. தம்பியோ அண்ணனோ நியாயமான விலை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

ஒத்துவராவிட்டால்

அண்ணன் பதிவுக்கு வர மறுத்தால் கோர்ட்டில் பாக வழக்குப் போடலாம். ஆனால் அதன் ஆபத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 30 அடி அகல இடத்தை நான்காகப் பிரிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று கோர்ட் கருதினால், விற்றுப் பணத்தைப் பிரிக்கும் நிலைமை வரலாம். அம்மா இருக்கும் வீடு அது. அதனால் வழக்குக்கு முன் ஜில்லா சட்டப்பணி ஆணையத்தில் சமரசத்துக்கு மனுக் கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

அவ்வளவு தூரம் போகாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் உட்காரவைத்துப் பேசுங்கள். "அண்ணா, உங்க பேச்சு மேல எனக்குச் சந்தேகம் இல்லை. பாங்க்கிலும் முனிசிபாலிட்டியிலும் காகிதம் கேட்கிறாங்க, நாளைக்கு நம்ம பிள்ளைங்களும் கேட்கும். நாலு பேரும் சேர்ந்து பதிஞ்சுக்கலாம்" என்று ஆரம்பியுங்கள். சந்தின் அகலத்தை அப்போதே பேசுங்கள், அடுத்த தடவைக்குத் தள்ள வேண்டாம். பத்திரச் செலவில் உங்கள் பங்கை நீங்களே கொடுப்பதாகச் சொல்லுங்கள்.

அதற்கு முன், இந்த வாரமே ஒரு லைசென்ஸ் உள்ள சர்வேயரைக் கூப்பிட்டு மொத்த 7 சென்டையும் அளக்க வையுங்கள். கிணறு, ஓட்டு வீடு, கிழக்கு ஜன்னல், பக்கத்துக் கிணறுகள் எல்லாம் அந்த வரைபடத்தில் வரட்டும். பேச்சுக்கு அந்தத் தாளோடு போங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், டேங்க் மூலையை நானும் ஒரு தடவை பார்க்கிறேன். அதுவரை 200 ரூபாய்த் தாளில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம்.